அண்ணன் சுமந்த கல்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எங்கள் பிவா ஏரி வற்றிப் போகட்டும். அதைவிடப் பெரிதாகச் சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் கிடையாது.

மதியத்துக்குள் கென்சாகுவின் வலது தோள் தனியாகக் கழன்று விழுந்துவிடும் போலாகிவிட்டது. காலையிலிருந்து ஏரியின் கிழக்குக் கரை வழியாக ரயில் மாறி ரயில் ஏறிக்கொண்டிருந்தார். தோளில் தொங்கிய துணிப்பையில் ஒரு கல், தலையணையில் பாதி அளவுக்கு.

"தூரப் பயணமா பெரியவரே?" என்று எதிரில் இருந்த பெண் கேட்டாள்.

"ஊர் பாக்கப் போறேம்மா. இருக்கறதுலயே மலிவான டிக்கெட்டு."

"கல்லத் தூக்கிக்கிட்டா?"

"வீட்ல வெச்சா திருடு போயிடும்."

பெட்டியில் வேறு இடம் காலியானதும் எழுந்து போய்விட்டாள்.

உண்மையில் கென்சாகு தன் தம்பி தோமெஜியைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தார். அப்பா விட்டுப்போன சொத்து ஒரு மரத்தொட்டி. ஏரி மீனைச் சோற்றுக்குள் புதைத்து, மேலே கல்லை ஏற்றி, மாதக்கணக்கில் ஊறவைக்கிற தொட்டி. அந்த நாற்றத்துக்குப் பூனைகூட வேறு தெரு வழியாகப் போகும்.

அதற்காகச் சகோதரர்கள் இருவரும் துக்க வீட்டிலேயே முட்டிக்கொண்டார்கள். தம்பி தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் கல்லை ஒளித்து வைத்துக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது.

முந்தின நாள் மாலை கென்சாகுவின் மனைவி ஃபுசாயே, தோஃபு கடையிலிருந்து ஒரு செய்தியோடு வந்தார். தோமெஜி வீட்டைக் காலி செய்துவிட்டு வடக்கே தொலைதூரத்து ஹொக்காய்டோ தீவில் இருக்கும் மகளிடமே போகிறாராம். நாளை மறுநாள் காலையில் பயணம்.

இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இன்று பார்க்காவிட்டால், ஒருவர் படத்துக்கு மற்றவர் ஊதுபத்தி ஏற்றும்போதுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

"போறீங்களா இல்லியா?" என்றார் ஃபுசாயே, விடிந்ததும்.

"போறேன். அப்படியே ஊரையும் பாத்த மாதிரி இருக்கும்."

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவீங்கல்ல?"

கென்சாகு இரண்டு சோற்று உருண்டைகளைக் கல்லுக்கு மேல் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஏரியின் வடகோடியில், மலையடிவாரத்தில் இருந்த சின்ன நிலையத்தில் அவர் மறுபடியும் ரயில் மாற வேண்டும். இறங்கியதும் ஒலிபெருக்கி பேசியது. மலைக்காற்று பலமாக வீசுவதால் மேற்குக் கரை ரயில்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. எப்போது கிளம்பும் என்று தெரியாது.

கென்சாகு பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். காத்திருப்போர் அறைக்கு நடந்தார். கதவைத் திறப்பதற்கு முன்பே மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

உள்ளே, மடியில் துணி மூட்டையுடன் தோமெஜி உட்கார்ந்திருந்தார்.

"கதவச் சாத்து. குளிருது," என்றார், நேற்று ராத்திரிதான் சேர்ந்து சாப்பிட்டவர் போல.

"நீ எங்கடா இங்க?"

"ஊர் பாக்க வந்தேன். மலிவு டிக்கெட்டு."

"நானும்தான்."

காற்று கண்ணாடியை உலுக்கியது. கென்சாகு, ஒரு ஆள் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"பையில என்ன?" என்றார் தம்பி.

"கல்லு. மூட்டைல என்ன?"

"மீனு. சரியா ஊறல. மேல வெக்க நல்ல கல்லு இல்ல."

"இருக்காது."

"எப்படி இருக்கும்? நீதான் ஒளிச்சு வெச்சுக்கிட்டியே."

கென்சாகு பையைத் தம்பி பக்கம் நகர்த்தினார். "இந்தா. தொட்டியோட சேத்து எடுத்துட்டுப் போ."

"தொட்டிய எங்க எடுத்துட்டுப் போறது? அந்த நாத்தத்துக்கு மாப்பிள்ள வீட்ட விட்டே ஓடிடுவான். தொட்டிய நீயே வெச்சுக்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"அடப்பாவி. அப்ப இந்தக் கல்ல நான் திரும்பவும் தூக்கணுமா?"

"மாத்தி மாத்தித் தூக்கிக்கலாம்ணே."

அந்தக் கடைசி எழுத்தைக் கேட்டதும் கென்சாகு குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். வெகுநேரம் கட்டினார். அவர் போட்டிருந்த ஷூவில் கயிறே கிடையாது.

மேற்குக் கரை ரயில் வருவதாக இல்லை. கிழக்குக் கரைக்குத் திரும்பும் ரயில் ஒன்று வந்தது. இருவரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கல் நடுவில் உட்கார்ந்தது. பெட்டியில் வேறு யாரும் இல்லை. மீன் பார்த்துக்கொண்டது.

டிக்கெட் பார்க்க வந்த இளைஞர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"இந்த டிக்கெட்டுல வெளிய இறங்காம எவ்வளவு சுத்தி வேணா போலாங்க. வந்த பாதைலயே திரும்பினா மட்டும் செல்லாது. தம்பி மேற்குக் கரை வழியா வந்தவரு, அவரோடது சரி. உங்களுக்கு முழுக் கட்டணம் ஆகும்."

பகல் முழுக்க ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்காத கென்சாகு, பேரம் பேசாமல் பணத்தை எடுத்தார். "கல்லுக்கும் சேத்து எடுத்துக்கப்பா."

தோமெஜி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இளைஞர் நகரவில்லை. இரண்டு டிக்கெட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஏறினது ஓட்சு. தம்பி ஏறினது ஓட்சுக்கியோ. நானும் அந்த ஊர்தான், உங்க ரெண்டு பேர் வீடும் எனக்குத் தெரியும்."

"அதுக்கென்ன?"

"உங்க வீட்லேர்ந்து அவர் வீட்டுக்கு நடந்தாலே அரை மணி நேரம்தானே? அதுக்கு ஏரியையே சுத்தணுமா?"

"அதாம்பா பிரச்சினை," என்றார் கென்சாகு. "நடந்தா போய்ச் சேந்துடுவோம்."

இந்த வருஷம் பிவா ஏரியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.