நாலாவது குளிப்பு

"மறுகாவும் குளிக்கப் போறீங்களா?"

சுபைறா கேட்டபோது அவள் புருஷன் அப்துல் ஹமீட் துவாயும் கையுமாகப் பாத்ரூம் வாசலில் நின்றார்.

"ஓம். உடம்பெல்லாம் ஒரே கசகசப்பு."

"அதுக்குச் சுடுதண்ணியா? இந்த வெயிலுக்கயா?"

"சுடுதண்ணி உடம்புக்கு நல்லம் புள்ள," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்முனையில் மீன்காரர்களே கடற்கரை மணலில் செருப்போடு திரிகிற காலம் அது. இந்த மனிதர் மட்டும் ஒரு நாளைக்கு நாலு தரம் சுடுதண்ணியில் குளித்துவிட்டு, வேகவைத்த இறால் மாதிரிச் சிவந்துபோய் வெளியே வருகிறார்.

எல்லாம் தண்ணி சூடாக்கும் அந்த ஹீட் பம்ப் வந்த பிறகுதான்.

மகள் ஸம்றாவுக்குப் பிள்ளை கிடைத்து நாற்பது நாள் கழியும்வரை சுடுதண்ணி வார்த்ததில், பழைய ஹீட்டர் கரண்ட் பில்லை எங்கேயோ கொண்டுபோய் விட்டிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் ஹமீட் இதைப் பூட்டினார். பிறகு அவருடைய ஹார்ட்வெயார் கடைக்கு ஆணி வாங்க வந்தவனும் தப்பவில்லை.

"காத்துல கிடக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குள்ள போடுது தம்பி. பழைய ஹீட்டர் குடிச்ச கரண்டில மூண்டில ஒண்டும் போகாது. நம்மட ஊர்ல சும்மா கிடைக்கிறது சூடு ஒண்டுதானே, அதை ஏன் விடுவான்?"

பில் குறைந்ததில் சுபைறாவுக்கும் சந்தோசம்தான். இந்தக் குளிப்புத்தான் விளங்கவில்லை.

தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்த கேதீஸ்வரி டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்பது தாண்டின ஆம்பிளை திடீரெண்டு இப்பிடிக் குளிக்கத் தொடங்கினா யோசிக்கத்தான் வேணும் சுபைறா. பாண்டிருப்பிலயும் ஒராள் இப்பிடித்தான் குளிச்சுக் குளிச்சு..."

"குளிச்சு?"

"வேணாம், விடுங்க. நான் சொல்லக் கூடா."

டீச்சர் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுபைறா ஊசியை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். இரண்டாம் கலியாணம். வேறென்ன? பேரப்பிள்ளை கண்ட பிறகு மனிசனுக்கு மாப்பிள்ளைக் கோலம் கேட்குது.

அடுத்த நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஹமீட் வந்தார். நேரே பாத்ரூம். தண்ணி ஊற்றும் சத்தம். பிறகு பின்கதவு திறக்கும் சத்தம்.

சுபைறா பூனை மாதிரிப் பின்னாலேயே போனாள்.

ஈரத் தலையும் சாரனுமாக, ஹமீட் ஒரு கதிரையில் ஏறி நின்று மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

அந்தப் பக்கம் அவளுடைய தங்கச்சி ஹிமாயாவின் வீடு. உம்மாவும் வாப்பாவும் ஒரே வளவைப் பிரித்து இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாகக் கொடுத்தது. அந்த வீட்டுக்குள்ளேயா எட்டிப் பார்ப்பது? சுபைறா கதிரையைப் பிடித்து ஆட்டினாள்.

"இறங்குங்க கீழ."

ஹமீட் விழுந்தடித்து இறங்கினார். "மெதுவாக் கதை புள்ள..."

"என்னத்தைப் பாக்குறீங்க அங்க? விலகுங்க, நானும் பாக்கிறன்."

அவள் ஏறினாள். சில்லென்று ஒரு காற்று கன்னத்தில் பட்டது. ஹீட் பம்பிலிருந்து வந்த அகலமான குழாய் மதிலைத் தாண்டி, அந்த வீட்டு யன்னலுக்கு நேரே வாயைத் திறந்துகொண்டிருந்தது. யன்னல் சீலை ஆடியது. உள்ளே கட்டிலில் ஹிமாயாவின் புருஷன் ஜவுபர், தொடை வரைக்கும் மாக்கட்டோடு கண்ணை மூடிக் கிடந்தார். சைக்கிளில் போகும்போது ஆட்டோவோடு மோதிக் காலை உடைத்துக்கொண்டு வந்தவர்.

அந்த மதில் ஒரு சாண் தள்ளிக் கட்டப்பட்டதா இல்லையா என்று தொடங்கிய சண்டையில், சகலன்மார் இரண்டு பேரும் முகம் பார்த்து மூன்று வருஷம். பெருநாளைக்குக்கூட சலாம் கிடையாது.

சுபைறா மெல்ல இறங்கினாள்.

"இதுல குளிர் காத்தா வருது?"

"ஓம். சூட்டை மெஷின் எடுத்திட்டா மிச்சம் குளிர்தானே. சும்மா வீணாப் போகுது. அந்த மாக்கட்டுக்குள்ள கால் வேகும் புள்ள. ராவு பகலா அரிக்குது, சொறிய ஏலாது எண்டு அவர் முனகிறது இஞ்ச கேக்கும்."

"ஒரு ஃபேனை வாங்கிக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தனுப்பினன். கோழிக் கூட்டுக்கு வைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிட்டார்."

"சரி, அதுக்கு நீங்க ஏன் நாலு தரம் குளிக்கணும்?"

ஹமீட் தலையைச் சொறிந்தார்.

"தாங்கியில தண்ணி சூடாகிட்டா மெஷின் நிண்டுரும். சுடுதண்ணி செலவழிஞ்சாத்தான் திரும்ப ஓடும். சும்மா திறந்து ஊத்தினா வீண்விரயம், அல்லாஹ் கேப்பான். அதான் குளிக்கிறன்."

சுபைறாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீரும் வந்தது. டீச்சர் சொன்னதை இவரிடம் சாகும்வரை சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சா யன்னலைச் சாத்திருவார்," என்றார் ஹமீட். "வாயத் திறந்திராத."

அந்த நேரம் பார்த்து மெஷின் டக்கென்று நின்றது. யன்னல் சீலை ஆட்டத்தை நிறுத்தியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஹமீட் காக்கா, மெஷின் நிண்டுட்டு. கோவிக்காம இன்னொருக்காக் குளிங்களன்."