துரைக்கண்ணுவுக்குப் பொன்னாடை

சகல குடிமக்களுக்கும் அறிவிப்பது: உங்கள் உயிரணு ஒவ்வொன்றும் சவ்வுக்கு உள்ளே ஓர் அளவு, வெளியே வேறோர் அளவு என உப்பை வைத்து, அந்த வித்தியாசத்தில் ஆற்றலைப் பதுக்கிவருகிறது. இனி அது தேசத்தின் மின்சாரம்.

லேத் பட்டறைத் துரைக்கண்ணுவின் இடுப்பில் ஒயர் மாட்டி மூன்று மாதம். பாராட்ட வந்த அதிகாரியிடம் மனைவி செங்கமலம் கெஞ்சினாள்.

"காலையிலேர்ந்து கூப்பிட்டாலும் பேசலை சார். ஒயரைக் கழட்டிடுங்க."

அதிகாரி மீட்டரைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"கழட்டறதா? ரெண்டு பக்கமும் உப்பு சமமாயிடுச்சும்மா! சொட்டு மிச்சம் வைக்காம குடுத்திருக்கார். வட்டத்துலயே இவர்தான் முதல் ஆள்!"

பொன்னாடையைப் போர்த்தினார்.

"போட்டோவுக்குக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க."

இரண்டு பக்கமும் உப்பு சமமான உயிரணு, செத்த உயிரணு. துரைக்கண்ணு முழுக்க அப்படித்தான் இருந்தார்.