இஞ்சின் இறக்கிய வண்டி

“ஸ்கூலைச் சட்டுனு விட்டுட்ட, இந்தத் தகர டப்பாவை மட்டும் விட மாட்டேங்குறியேடி?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள்.

அது அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவுகள், தோல் இருக்கை. வலது கால் செயலிழந்தபின் அப்பா ஷெட் பக்கமே வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். கையாலேயே ஓட்டும்படி மாற்றிவிட்டால் எழுந்து வருவார் என்று நானும் மெக்கானிக் மாமாவும் நம்பினோம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோல் வைத்தோம். இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். பிறகு பழுது பார்க்க இஞ்சினை இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டோம். அந்த வாரம் முழுக்க, தினமும் காலையில் வந்து பார்த்தால் வண்டி மீட்டரில் கிலோமீட்டர் கூடியிருந்தது.

“இஞ்சின் இங்க தொங்குது. வண்டி எப்படிம்மா ஊர் சுத்திட்டு வருது?” என்றார் மாமா.

“பூனை ஓட்டியிருக்கும், மாமா.”

“அப்ப அதுக்கும் ஒரு லைசென்ஸ் எடுத்துடு.”

புதிதாக மாட்டிய நெம்புகோலின் பிடி, பல வருடம் கைபட்டதுபோல வழவழத்திருந்தது.

இஞ்சினை ஏற்றிய அன்று அப்பா ஊன்றுகோலோடு வந்து வண்டியில் உட்கார்ந்தார். எப்படி ஓட்டுவதென்று சொல்லித்தர மாமா குனிந்தார். அதற்குள் அப்பாவின் கை, பழகிய கை மாதிரி, நெம்புகோலை மெல்ல இழுத்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தார். வாசலைத் தாண்டி, தெருமுனையில் நிதானமாகத் திரும்பிப் போய்விட்டார்.