திங்கட்கிழமைக்குத் திருப்பும் பொத்தான்

ஒரு மணி நேரத்துக்குள் நாற்பத்து மூன்று பக்கங்களைப் பாழாக்கியிருந்தான் எவனோ.

கழக்கூட்டம் என்ற ஊரில், ஆபீஸ் கேன்டீனில், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள் சுப்ரியா. உலகம் முழுக்க இருக்கும் கணக்குப் பைத்தியங்கள் சேர்ந்து எழுதும் இணையக் களஞ்சியம் அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். கெடுக்கவும் ஆள் வரும் என்பதால் சம்பளமில்லாத காவலர்கள் பன்னிரண்டு பேர் உண்டு. இன்றைக்கு சுப்ரியாவின் முறை.

எண்கள் இருந்த இடத்திலெல்லாம் பாறசாலை பஸ் நேரம் ஒட்டியிருந்தது. 6.10, 6.35, 7.05. கெட்ட வார்த்தைகூட எழுதத் தெரியாத போக்கிரி.

நாற்பது பக்கத்துக்கு மேல் கெட்டுப்போனால் விதி தெளிவாக இருந்தது. ஒரே பொத்தான். மொத்தக் களஞ்சியமும் திங்கட்கிழமை எடுத்து வைத்த நகலுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு நல்லவர்கள் எழுதியதும் சேர்ந்து போகும். வேண்டுமானால் அவர்கள் மறுபடி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இல்லையென்றால் ஒவ்வொரு பக்கமாகக் கையால் சரிசெய்யலாம். சாயங்காலம் ஆகிவிடும்.

பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஆள் யாரென்று பார்த்தாள். அன்று காலையில்தான் களஞ்சியத்தில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தான். கொடுத்திருந்தது தன் சொந்தக் கல்லூரி மெயில். காவலர்களுக்கு அது தெரியும் என்றுகூடத் தெரியாத அப்பாவி.

ஆன்சன்.

சுப்ரியாவுக்கு ரத்தம் கொதித்தது. ஸ்ரீவராகத்தில் அவள் எதிர்வீட்டு விஜயலக்ஷ்மி அக்கா அதே கல்லூரியில்தான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். இருப்பது ஒரே ஒரு பதவி உயர்வு. அதற்கு அக்காவும் இந்த ஆன்சனும் போட்டி. இன்று மூன்று மணிக்கு இன்டர்வியூ. அக்கா பதினோரு வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடித்த கணித விதிக்குக் களஞ்சியத்தில் தனிப் பக்கமே இருக்கிறது. கமிட்டி அதைத் திறந்து பார்க்கும் நேரம் பார்த்துக் கைவரிசையைக் காட்டியிருக்கிறான்.

கல்லூரி இணையதளத்தில் அவன் நம்பர் இருந்தது. போன் போட்டுத் தான் யாரென்று சொல்லி, புகார் பிரின்சிபலுக்குப் போகப் போகிறது என்றாள். வேலை போய்விடும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

மறுமுனையில் ஆன்சன் எதையும் மறுக்கவில்லை.

"கம்ப்ளெய்ன்ட் குடுங்க மேடம். ஆனா அதுக்கு மின்ன அந்தப் பொத்தான அமுக்கிருங்க."

"என்ன சொல்றீங்க?"

"விஜயலக்ஷ்மி மேடத்துக்க பக்கத்துல ஆரோ பேரு போடாம ஒரு வரி எழுதி வச்சிருக்கு. ரெண்டு தடவ அழிச்சேன். அஞ்சு நிமிஷத்துல வேற காவலர் ஆரோ திரும்ப வச்சுட்டாங்க. எல்லாத்தையும் கெடுத்தா நீங்க மொத்தமா திருப்புவீங்கன்னு ரூல்ஸ்ல வாசிச்சேன்."

அவன் கெடுப்பதற்கு முன் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று சுப்ரியா திறந்து பார்த்தாள். கடைசியில் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று. கீழே ஒரே வரி: இந்த எண்ணுக்கு இந்த விதி பொருந்தாது.

கணினியில் போட்டுப் பார்த்தாள். பொருந்தவில்லை. இன்னொரு முறை போட்டாள். பதினோரு வருஷ உழைப்பு அந்த ஓர் எண்ணில் உடைந்து கிடந்தது.

"அவங்க தோத்தா உங்களுக்குத்தானே பதவி?" என்று கேட்டாள்.

"அதுதான் மேடம் பயம். நான்தான் எழுதினேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அவங்களும் அப்படித்தான் நெனைப்பாங்க. எனக்க பிள்ள ஆஸ்பத்திரியில கெடந்தப்போ ஒரு மாசம் எனக்க கிளாஸையும் சேத்து எடுத்தவங்க அவங்க. இன்டர்வியூ முடியுற வரைக்கும் அந்த வரி இல்லாம இருந்தாப் போதும்."

சுப்ரியா போனை வைத்தாள். இவனையா திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

மணி ஒன்றரை. என்ன ஆயிற்று, ஏன் இன்னும் திருப்பவில்லை என்று மற்ற காவலர்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் யாரும் குறை சொல்ல முடியாது. விதிப்படிதான் செய்தாள் என்பார்கள். அக்காவுக்குப் பதவி கிடைக்கும். அந்த வரி உண்மை என்பது ஆன்சனுக்கும் தனக்கும் மட்டும்தான் தெரியும். இன்டர்வியூ முடிந்ததும் நாமே அந்த வரியைத் திரும்ப எழுதிவிடலாம் என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அம்புக்குறியைப் பொத்தான்மேல் கொண்டுபோய் வைத்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. விஜயலக்ஷ்மி அக்கா.

"சுப்ரியா, களஞ்சியத்துல என்னமோ பஸ் டைம் எல்லாம் வரதே. மூணு மணிக்குள்ள சரியாயிடுமோ?"

"கவலையே படாதீங்கோ அக்கா. இதோ ஒரு நிமிஷம். எல்லாத்தையும் திங்கட்கிழமை இருந்த மாதிரி சுத்தமா ஆக்கிடறேன்."

"திங்கட்கிழமைக்கா? அது வேண்டாம்டீ," என்றாள் அக்கா. "செவ்வாய்க்கிழமை கார்த்தால அவசரத்துல பேர்கூடப் போடாம என் பக்கத்துக் கடைசியில ஒரு வரி எழுதியிருக்கேன். கமிட்டிக்கு முதல்ல அதைத்தான் காட்டணும்."