சரளைக்கு அடியில் செருப்புத் தடம்

நைரோபிச் சாலைக்காக எங்கள் பள்ளத்தாக்கின் எரிமலைக் கூம்பு ஒன்றில் சிவப்புச் சரளை வெட்டுகிறோம். நாற்பதடி ஆழத்தில் பழைய தரை தெரிந்தது. செங்கல்போல் வெந்திருந்த அதில், பழைய லாரி டயரில் வெட்டிய செருப்பின் தடங்கள் இருந்தன.

நிலவியல் ஆய்வாளர் அச்சியெங் அளந்து பார்த்தார். "இது மேல எரிமலை கொட்டி ஏழாயிரம் வருஷமாச்சு."

"அப்பவே லாரி டயர் இருந்துச்சாக்கா?" என்றான் என் கூட்டாளி சிரோங்கா. அவர் சிரிக்கவில்லை.

இடது குதிகாலில் ஒரு துண்டு குறைந்திருந்தது. என் டயர் செருப்பில் அந்தத் துண்டு போன திங்கட்கிழமைதான் பிய்ந்தது. காலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

தடத்தை வைத்தே மாட்டின் பெயரைச் சொல்பவன் சிரோங்கா. குனிந்தான். "நீ ஓடியிருக்கடா. முதுகுல யாரையோ சுமந்துக்கிட்டு."

தடங்கள் இன்னும் வெட்டாத சரளைச் சுவருக்குள் போயின. திரும்பி வந்த தடம் இல்லை.

"நாளைக்கு இந்தச் சுவரத்தான் வெட்டணும்," என்றான். "நீ வராத."