மேனேஜருக்கு மட்டும் தெரியும் பெயர்

“நம்ம ஊழியர் ஃபோரம்ல இனிமே பேர் போடாமலே குறை எழுதலாம்னு செட் பண்ணிடும்மா. ஆனா எழுதினது யாருன்னு எனக்கு மட்டும் தெரியணும்” என்று குரலைத் தாழ்த்தினார் மேனேஜர்.

“பேர் தெரியணும், அவ்வளவுதானே சார்?” என்றாள் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்.

மறுநாளே குறைகள் குவிந்தன. ஒழுகும் கழிப்பறை, கிடைக்காத லீவு, எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய வாய்த்துடுக்கு.

“மாட்டினீங்கடா!” என்று கறுவிக்கொண்டே தனக்கான ரகசியப் பக்கத்தைத் திறந்தார்.

முதல் குறைக்கு எதிரே அவள் பெயர். அடுத்ததற்கும் அவள் பெயர். கடைசி வரை அதே பெயர்தான்.

“எல்லாத்தையும் நீயா எழுதின?” என்று கத்தினார்.

“யார் எழுதினாலும் என் பேர்தான் வரும் சார். வேலையை விட்டுத் தூக்கணும்னா என்னைத் தூக்குங்க. நான் இன்னும் ஒண்ணுகூட எழுதலை. நீங்க ரகசியமா பேர் கேட்டதை இனிமேதான் ஃபோரம்ல எழுதப் போறேன்.”