ஒரு இஞ்ச் குட்டை

“போச்சு! மறுபடியும் ஒரு இஞ்ச் குட்டை!”

ஹாலிலிருந்து கணவரின் குரல் கேட்டு, அவள் மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

ஹால் இப்போது ஹாலாக இல்லை. சோபா சுவரோரம் செங்குத்தாக நின்றது. டிவி போர்வைக்குள் இருந்தது. நடுவே ஏழடி நீளத்துக்கு, விலா எலும்பு மாதிரி மரச்சட்டங்கள் தெரிய, ஒரு குட்டிப் படகு கவிழ்ந்து கிடந்தது. ஒரு மாதமாக லீவு நாளெல்லாம் இவர் கட்டிக்கொண்டிருப்பது. ‘இதை எப்படி வெளியே கொண்டு போவீங்க?’ என்று கேட்பவர்களுக்கு, “வாசக் கதவு முப்பத்தாறு இஞ்ச், படகு முப்பத்தி நாலரை. அளக்காம ஆரம்பிப்பேனா?” என்பார்.

பக்கவாட்டில் அடிக்க வேண்டிய பிளைவுட் பலகை மட்டும் மூன்று தடவையும் குட்டையாகப் போயிருந்தது.

“அண்ணனைக் கூப்பிடட்டுமா?” என்றாள் மெதுவாக.

“உங்க அண்ணனையா? வேண்டவே வேண்டாம்!”

அவளுடைய அண்ணன் தச்சர். இந்த வீட்டுச் சமையலறை அலமாரி அவர் கைவேலைதான். இரண்டு வருடத்துக்கு முன் அதைப் பார்க்க வந்த பத்துப் பேர் நடுவில், “கதவு ஒரு நூல் சாய்ஞ்சிருக்கே மச்சான்” என்று இவர் சொல்லிவிட்டார். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவுதான் சண்டை. அன்றிலிருந்து அண்ணன் இந்த வாசலை மிதிக்கவில்லை. அவருக்கு வீம்பு, இவருக்கு வறட்டு கௌரவம். கூடப்பிறந்த ஒரே அண்ணன், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, ரம்பப் பையோடு சைக்கிளில் திரும்பிப் பார்க்காமல் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும்.

“மிச்சம் இருக்கிறது ரெண்டே பலகைங்க. அந்தப் பக்கத்துக்கு ஒண்ணு, இந்தப் பக்கத்துக்கு ஒண்ணு. அதையும் குட்டையா வெட்டிட்டீங்கன்னா, இதுல நான் துணிதான் காயப்போடணும்.”

அவர் தன் விரல்களைப் பார்த்தார். விரலுக்கு இரண்டு பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன.

“என்னமோ பண்ணு. நான் கூப்பிடச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.”

அண்ணன் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, படகைத்தான் பார்த்தார். குட்டைப் பலகைகள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைத் தடவினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாப்பா, வளையிற பலகைக்கு நேரா டேப் பிடிச்சா குட்டையாத்தான் வரும். வளைவோட ஒட்டிக் கயிறு பிடிச்சு அளக்கணும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு.”

“சரிதான்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு.”

இரண்டு பேருக்கும் நடுவே இரண்டடிதான் தூரம். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் அவளைச் சுற்றிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தது. அவளுக்குக் கழுத்து வலித்தது.

கயிறு பிடித்து அளந்து, பலகையை வெட்டியாயிற்று. மூக்குப் பக்கம் நாலு ஸ்க்ரூ இறங்கியது.

“இனி மறுமுனையை வளைச்சு வால் பக்கம் கொண்டு வரணும். உன் வீட்டுக்காரரை அழுத்திப் பிடிக்கச் சொல்லு பாப்பா.”

“ஐயய்யோ, அடுப்புல பால் பொங்குது!” என்று அவள் உள்ளே ஓடினாள்.

பலகை பாதி வளைந்து முறுக்கிக்கொண்டு நின்றது. விட்டால் துள்ளி யார் தாடையையாவது பதம் பார்த்துவிடும். தூது சொல்லவோ ஆள் இல்லை.

“மாப்ளே, அழுத்துங்க!”

“அழுத்திட்டுத்தான் இருக்கேன் மச்சான்! சீக்கிரம் ஸ்க்ரூவைப் போடுங்க!”

“காலைக் குடுத்து முட்டுங்க!”

“எந்தக் காலை? நானே ஒத்தக் கால்ல நிக்கிறேன்!”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அவள் எட்டிப் பார்த்தபோது பலகை சட்டத்தோடு சட்டமாக ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் மரத்தூளில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மச்சான்... அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“கதவு சாய்ஞ்சுதான் இருந்துச்சு மாப்ளே. அதனாலதான் அவ்வளவு கோபம்.”

அடுத்த பக்கத்துப் பலகை பத்தே நிமிடத்தில் ஏறிவிட்டது. “இருங்க மச்சான், இதோ வந்துடறேன்” என்று அவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

“அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லாத வேலை அண்ணா. சிரிக்காம வந்தியே, அதுவே போதும்” என்றாள் அவள்.

அண்ணன் குட்டைப் பலகைகளைக் காட்டினார்.

“இருபது வருஷமா கடையில உட்கார்ந்து ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுற மனுஷன். ஒரு நூல் சாய்ஞ்சதைக் கண்ணாலேயே பிடிச்சவர். அவர் மூணு பலகையையும் அச்சுப் பிசகாம ஒரே மாதிரி ஒரு இஞ்ச் குட்டையா வெட்டியிருக்கார் பாரு! என்னைக் கூப்பிட வேற வழி தெரியலை, பாவம். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட காட்டிக்காதே. சரி, அப்ப பொங்கின பாலில் மிச்சம் இருந்தா ஒரு டீ போடு.”

“பால் வாங்கத்தான் அவர் போயிருக்கார் அண்ணா” என்றாள் தங்கை. “வீட்டுல நேத்தே தீர்ந்து போச்சு.”